செல் பிரிவதைக் கண்ணால் பார்ப்போம்: வெங்காய வேரில் மைட்டாசிஸ், கம்பளி நூலில் மியாசிஸ்

நம் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தோப்புகளில் இரண்டு வகை நடவைப் பார்த்திருப்பீர்கள். நேந்திரன் வாழைக்குத் தாய் வாழையின் பக்கக் கன்றைப் பெயர்த்து நடுவார்கள். தாய் எப்படியோ கன்றும் அப்படியே வரும். தென்னைக்கு நெற்றைப் பதியம் போட்டுப் பிள்ளை எடுப்பார்கள். நன்றாகக் காய்க்கும் ஒரே நெட்டை மரத்து நெற்றுகள்தான் என்றாலும், பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிக் காய்ப்பதில்லை. வாழைக் கன்று மைட்டாசிஸால், அதாவது ஒரு செல் தன்னைப் போலவே இரண்டாகப் பிரிவதால் மட்டுமே உருவானது. தென்னம்பிள்ளைக்கு முன்னால் மியாசிஸ், அதாவது மகரந்தம், முட்டை போன்ற இனச்செல்களுக்காக நடக்கும் பிரிவு நடந்திருக்கிறது.

பாடத்தில் இவற்றை மறைமுகப் பிரிவு, குன்றல் பிரிவு என்று படிப்போம். மலையாள மீடியத்தில் படிக்கும் நண்பர்கள் கிரமபங்கம், ஊனபங்கம் என்பார்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ் என்று நிலைகளின் பெயர்களை முதலில் உருப்போடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இப்போது பிரிவது ஒரு குரோமோசோமின் (டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழையின்) இரண்டு நகல்களா, அல்லது அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த ஜோடியா? இதற்குப் பதில் தெரிந்தால் பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

வேர் வளர்ப்பது

சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயம் போதும். அடியில் இருக்கும் காய்ந்த வேர்களைச் சுரண்டிவிட்டு, வாய் குறுகிய பாட்டிலில் நீர் நிரப்பி, வெங்காயத்தின் அடி மட்டும் நீரில் படும்படி உட்கார வையுங்கள். முழுக்க மூழ்கினால் அழுகிவிடும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்ததும் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். காலை நேரத்தில் வெட்டுவதுதான் ஆய்வக வழக்கம்.

வெட்டியதை உடனே எத்தில் ஆல்கஹால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் ஒரு நாள் போட்டு வையுங்கள். செல்கள் அந்தந்த நிலையிலேயே உறைந்து நிற்கும். இங்கிருந்து எல்லா வேலையும் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

ஸ்லைடு செய்வது

1. வேர் நுனியை ஸ்லைடில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டும் அசிட்டோகார்மைன் சாயம் இரண்டு மூன்று சொட்டும் விடுங்கள்.
2. ஸ்பிரிட் விளக்கின் மேல் ஸ்லைடை லேசாகக் காட்டி எடுங்கள். கொதிக்கவே கூடாது. ஐந்து பத்து நிமிடம் விடுங்கள்.
3. நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுங்கள்.
4. ஒரு சொட்டு நீர் விட்டுக் கவர் ஸ்லிப் மூடி, பென்சிலின் மழுங்கிய முனையால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு ஒற்றுத்தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு, பார்க்க எதுவும் மிஞ்சாது.

முதலில் 10எக்ஸ் லென்ஸில் தேடி, பிறகு 40எக்ஸ்-க்குப் போங்கள். நீளமான செல்கள் தெரிந்தால் நுனியைத் தாண்டி மேலே வந்துவிட்டீர்கள். சதுரமாக, நெருக்கமாக, பெரிய உட்கருவோடு இருக்கும் செல்கள்தான் நமக்கு வேண்டியவை.

என்ன தெரியும்?

பெரும்பாலான செல்களில் உட்கரு உருண்டையாக அப்படியே இருக்கும். ஸ்லைடு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அது இடைநிலை, டி.என்.ஏ. இரட்டிப்பாவது அப்போதுதான். நூல்கண்டு போலத் தெரிவது புரோஃபேஸ். குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நின்றால் மெட்டாஃபேஸ். அனாஃபேஸைப் பார்த்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள், இந்த ஸ்லைடின் உயிரே அதுதான். ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு நகல்களும் பிரிந்து, கதிர் இழைகள் (பிரியும் செல்லுக்குள் உருவாகும் மெல்லிய இழைகள்) இழுக்க, செல்லின் எதிரெதிர் துருவங்களுக்குப் போகும். டீலோஃபேஸில் நடுவே புதுச் சுவர் எழும்பும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். பிறக்கும் இரண்டு செல்களிலும் அதே 16.

நம் வேலியோரம் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது கதிர் இழைகளை உருவாகவிடாது, குரோமோசோம்கள் பிரியாமல் நின்றுவிடும். ஆராய்ச்சியாளர்கள் குரோமோசோம்களை எண்ணுவதற்கு இதைப் பயன்படுத்துவதுண்டு. நீங்கள் அந்தக் கிழங்கைத் தொடாதீர்கள்; உயிரைக் கொல்லும்.

எண்ணுவது சின்ன வேலை இல்லை. தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், வாளையாறைத் தாண்டிக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பின்னர் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் நூலாக வெளியிட்டார். நம் பக்கத்துப் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மியாசிஸைக் கம்பளி நூலில் செய்வது

மியாசிஸைப் பார்க்கப் பூமொட்டின் மகரந்தப்பையைப் பிரிக்க வேண்டும். சரியான வயதுள்ள மொட்டு அமைவது கடினம். தொடக்கத்துக்குக் கம்பளி நூலே நல்லது.

சிவப்பு நூல் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று: அம்மாவுடையவை. நீல நூலிலும் அதே அளவில் இரண்டு: அப்பாவுடையவை. ஆக நான்கு குரோமோசோம்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில், அதே நீளத்தில் இன்னொரு நூல் சேர்த்து நடுவில் முடிச்சுப் போடுங்கள். இரட்டிப்பு முடிந்தது.

இப்போது நீளச் சிவப்பையும் நீள நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள், குட்டைகளையும் அப்படியே. மைட்டாசிஸில் இந்த ஜோடி சேர்தல் இல்லை. ஜோடியில் ஒரு சிவப்பு நுனியையும் ஒரு நீல நுனியையும் சம அளவில் கத்தரித்து மாற்றிக் கட்டுங்கள். இதுதான் குறுக்கே கலத்தல்.

அடுத்து முதல் பிரிவு. முடிச்சை அவிழ்க்காதீர்கள்! ஜோடியைத்தான் பிரிக்க வேண்டும். நீளச் சிவப்பு இடப்பக்கம் போனால், குட்டைச் சிவப்பும் இடப்பக்கமே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான்கு இரண்டாகக் குறைவது இங்கேதான். இரண்டாம் பிரிவில் முடிச்சை அவிழ்த்து நகல்களைப் பிரியுங்கள். அந்தப் பகுதி மைட்டாசிஸ் போலத்தான். கடைசியில் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நூல்கள்.

தென்னைக்கு 32 குரோமோசோம்கள், அதாவது 16 ஜோடிகள். எந்த ஜோடி எப்படிப் பிரிகிறது என்பதை மட்டும் கணக்கெடுத்தாலே 65,536 விதச் சேர்க்கைகள். குறுக்கே கலத்தலையும் சேர்த்தால் இன்னும் எங்கேயோ போகும். அந்த நெட்டை மரத்துப் பிள்ளைகள் ஏன் ஒன்றுபோல் இல்லை என்பது இப்போது விளங்கும்.

நூலை எடுத்து வைப்பதற்கு முன் இன்னொன்று செய்து பாருங்கள். இரண்டு நிறத்துக்குப் பதிலாக மூன்று நிறம்: ஒவ்வொரு நீளத்திலும் மூன்று நூல்கள். நேந்திரன் இப்படித்தான், 11 வகைக் குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் மூன்று, மொத்தம் 33. இரண்டு ஜோடி சேரும்போது மூன்றாவது எந்தப் பக்கம் போகும்? 11 வகையிலும் இதே சிக்கல் என்பதால், சரியான கணக்கோடு இனச்செல்கள் உருவாவது அரிது. காயோ, கருவுறாமலேயே பருத்துவிடும். பழத்தில் விதை இல்லாமல் போவது இதனால்தான். விதை இல்லாததால் கன்று வைத்துத்தான் தோட்டம் போட வேண்டும். எல்லாம் ஒரே மரத்தின் நகல் என்பதால், வாடல் நோய்க்கு ஒன்று தாக்குப்பிடிக்காவிட்டால் அடுத்ததும் தாக்குப்பிடிக்காது.