பழைய பிரிட்டிஷ் படைத்தலைவர் அச்சுப்படங்கள்: வாங்குவோரும் சேகரிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ல்பரோ, வுல்ஃப், கார்ன்வாலிஸ், நெல்சன், வெலிங்டன் ஆகிய பிரிட்டிஷ் படைத்தலைவர்களின் உருவங்கள் செப்புத் தகட்டிலும், 1820களுக்குப் பிறகு எஃகுத் தகட்டிலும் செதுக்கப்பட்டு, லண்டன் அச்சுப்படக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஓவியம் ஒருவர் மாளிகையில் மட்டும் தொங்கியது. அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படமோ நடுத்தர வீட்டுச் சுவருக்கும் எட்டியது. அவற்றில் ஏராளமானவை இன்றும் ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர் முதலில் பார்ப்பது முகத்தையும் சீருடையையும் பதக்கங்களையும்தான்; ஆனால் அந்தப் படம் எப்போது, எந்தத் தகட்டிலிருந்து, யாருக்காக அச்சிடப்பட்டது என்பதை முகத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்தும், தாளும், மையுமே சொல்கின்றன. அவற்றைப் படிக்காமல் பணத்தை எடுப்பதிலிருந்துதான் ஏனைய தவறுகள் எல்லாம் பிறக்கின்றன.

பழுப்பேறிய தாளில் கறுப்பு மையில் இருக்கும் எதையும் செதுக்கு அச்சு என்று நம்பிவிடுவது மிகப் பரவலான தவறு. நான் முதன்முதலில் வாங்கிய நெல்சன் படமும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, நெல்சனின் கன்னம் முழுவதும் ஒரே இடைவெளியில் வரிசை பிடித்து நின்ற புள்ளிகளாக இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய, புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறை. பழைய புத்தகம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த பக்கம். செதுக்குளியால் இழுத்த கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, முனையில் ஊசிபோல் முடியும். அமிலத்தால் அரித்த கோட்டின் முனை மழுங்கலாக இருக்கும். புள்ளிகளாலேயே உருவத்தைச் செதுக்கும் ஸ்டிப்பிள் முறையிலும் புள்ளிகள் உண்டு என்றாலும், அவை கையால் இட்டவை என்பதால் முகத்தின் வளைவுக்கேற்ப நெருங்கியும் விலகியும் செல்லுமே தவிர, கட்டம் போட்டதுபோல் நிற்பதில்லை. கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் மெழுகுக் கரிக்கோல் தேய்த்தது போன்ற மணல்தன்மை தெரியும். தகடு அழுந்திய பள்ளம் அதில் இராது. 'வேனிட்டி ஃபேர்' இதழில் 1869 முதல் வந்த ராபர்ட்ஸ், கிச்சனர் முதலியோரின் வண்ணக் கேலிச்சித்திரங்கள் இத்தகைய வண்ணக் கல்லச்சுகளே. செதுக்கு அச்சு என்று அவற்றை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மெசோடின்ட் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் படைத்தலைவர் உருவப்படங்களில் மிகச் சிறந்தவை பல இம்முறையில் அமைந்தவை. ஏமாற்றமும் இதில்தான் மிகுதி. பல் வைத்த கருவியால் தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கி, பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டியும் தேய்த்தும் வழவழப்பாக்குவார்கள். இருளிலிருந்து ஒளியை வரவழைக்கும் இந்த வேலையில், சிவப்புச் சீருடையின் மடிப்பும் பொய்முடியின் மென்மையும் வெல்வெட்டைப் போல வந்து விழும். 1642இல் லுட்விக் ஃபான் சீகன் கண்டறிந்த இம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் இளவரசர் ரூப்பர்ட். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில உள்நாட்டுப் போரில் அரசர் தரப்புக் குதிரைப்படையை நடத்திய அதே ரூப்பர்ட்தான். படைத்தலைவர் ஒருவர் தம் கையால் பழகிய கலை, பின்வந்த படைத்தலைவர்களின் முகங்களைக் காத்து வைத்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தகட்டின் சொரசொரப்பு சில நூறு படிகளுக்குள்ளேயே நசுங்கிவிடுவதால், முதற்படிகளில் ஆழ்ந்த கருமையாக இருந்த நிழல் பிற்படிகளில் வெளிறிய சாம்பலாகிவிடும். இரண்டும் ஒரே தகட்டின் உண்மையான அச்சுகள்தாம், ஆனால் விலையில் அவற்றை ஒன்றாகக் கருதுவது அறியாமை. மேலும், பழைய மெசோடின்டுகளைப் பிற்காலத்தில் ஃபோட்டோகிராவ்யூர் என்ற, புகைப்படத்தைத் தகட்டில் ஏற்றி அச்சிடும் முறையில் நகலெடுத்தபோது அந்த நகல்களிலும் தகட்டுத் தடம் விழுந்தது. ஆகவே, தாளின் ஓரத்தில் பள்ளம் இருப்பதை மட்டும் வைத்துப் படம் பழையது என்று முடிவுகட்டக் கூடாது.

படத்தின் அடியில் வழக்கமாக இடப்பக்கம் ஒரு பெயரும் வலப்பக்கம் ஒரு பெயரும் இருக்கும். 'பின்க்ஸிட்' என்ற லத்தீன் சொல்லோ அதன் சுருக்கமோ ஒட்டிய பெயர் ஓவியருடையது. 'ஸ்கல்ப்ஸிட்' ஒட்டியது செதுக்கியவருடையது. 'எக்ஸ்குடிட்' ஒட்டியது வெளியிட்டவருடையது. புகழ்பெற்ற ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் பெயரைக் கண்டு, ரெனால்ட்ஸே கைபட வரைந்த படம் என்று எண்ணிக்கொள்வோர் ஓவியருக்கும் செதுக்குநருக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இவற்றுக்குக் கீழே, 'சட்டம் பணித்தபடி வெளியிடப்பட்டது' என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரியும், அத்துடன் நாளும் கடை முகவரியும் காணப்படும். ஓவியர் ஹோகார்த்தின் முயற்சியால் 1735இல் வந்த சட்டம், செதுக்கு அச்சுகளுக்கு 14 ஆண்டுக் காப்புரிமை அளித்ததோடு, உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட நாளையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்த நாள் தகடு முதலில் வெளியான நாளே தவிர, உங்கள் கையில் உள்ள தாள் அச்சான நாளாக இருக்க வேண்டியதில்லை. தகடு விற்கப்பட்டு, மகன் கைக்கோ போட்டியாளர் கைக்கோ போய், ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பழைய நாளோடு மீண்டும் அச்சேறியிருக்கலாம். இதைச் சோதிக்கத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். 1750களின் பிற்பகுதி வரை இங்கிலாந்தில் கிடைத்தவை, வலைக்கம்பிகளின் இணைகோடுகள் தெரியும் தாள்கள். கோடற்ற வழவழப்பான தாளைத் தாள் தயாரிப்பாளர் வாட்மன் தயாரித்தது 1757 வாக்கில்தான். எனவே 1705 என்று நாளிட்ட மார்ல்பரோ படம் கோடற்ற தாளில் இருந்தால், அது பிற்கால அச்சு என்பதில் ஐயமில்லை. 1794க்குப் பிறகு பல ஆங்கிலத் தாள்களில் நீர்க்குறியோடு ஆண்டும் சேர்ந்தே இருக்கும். படத்தில் 1806 என்றும் தாளில் 1820 என்றும் இருந்தால் எதை நம்புவது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்படி நாளைத் தாங்கி நிற்கும் அடிப்பகுதியைத்தான், படச்சட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதற்காகப் பலர் கத்தரித்துவிடுகிறார்கள். ஓரம் முழுதாக உள்ள படம் சற்றுக் கறைபட்டிருந்தாலும், எழுத்து வெட்டப்பட்ட பளிச்சென்ற படத்தைவிட அதையே நான் தேர்வேன்.

நாளே இல்லாத படத்துக்கும் பட்டப்பெயர் கைகொடுக்கும். ஆர்தர் வெல்லெஸ்லி 1804இல் பாத் விருதுபெற்று 'சர்' ஆனார், 1809இல் வைகவுன்ட் வெலிங்டன், 1812இல் முதலில் ஏர்ல், அதே ஆண்டிலேயே மார்க்விஸ், 1814இல் டியூக். மார்க்விஸ் என்று பொறித்த தகடு அந்த இரண்டாண்டு இடைவெளியில் செதுக்கப்பட்டது என்று கொள்ளலாம். அதுபோல, நெல்சன் 1798இல் பாரன், 1801இல் வைகவுன்ட். நெல்சனின் படங்களில் ஏமாறக்கூடிய இன்னோர் இடமும் உண்டு. 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வியில் அவருடைய வலக்கண்ணின் பார்வை போனது உண்மையே என்றாலும், அவர் கண்மூடி அணிந்து திரிந்தவர் அல்லர். கறுப்புக் கண்மூடியோடு காட்டும் படம், அவரை நேரில் கண்டவர் கையிலிருந்து வந்ததாக இருக்க வழியில்லை.

பெயரைப் பார்த்தவுடன் ஆளை முடிவுசெய்வதும் ஆபத்து. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையையும் 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியையும் வென்ற சர் அயர் கூட்டுக்கு, அதே பெயரும் அதே 'சர்' பட்டமும் கொண்ட ஓர் உறவினர், அவரும் தளபதியாகவே, இருந்தார். மூத்தவர் 1783இல் இறந்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டுச் சீருடையில் இருப்பவர் இளையவர். மன்ரோக்களிலும் இதே குழப்பம் நேர்கிறது. 1764இல் பக்சாரில் வென்று, 1780இல் காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கிய ஹெக்டர் மன்ரோ வேறு. சென்னையில் அங்கவடி இல்லாக் குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும் ஆளுநர் தாமஸ் மன்ரோ வேறு. வெறும் 'வெல்லெஸ்லி' என்றிருந்தால், அது தலைமை ஆளுநராக இருந்த அண்ணன் ரிச்சர்டாகவும் இருக்கலாம்.

முகமே பொய்யாக இருக்கும் வாய்ப்பையும் மறந்துவிடக் கூடாது. போர் சூடாக இருக்கும்போது ஓவியம் கிடைக்கும்வரை காத்திருக்கப் பதிப்பாளருக்குப் பொறுமை இருந்ததில்லை. பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற வாஷிங்டனின் படமொன்று 1775இல் லண்டனில் வெளியானது. வில்லியம்ஸ்பர்க்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் கேம்பல் என்பவர் நேரில் பார்த்து வரைந்தது என்று அதில் பொறித்திருந்தது. அந்தக் கேம்பலைத் தாம் கண்டதே இல்லை என்றும், தம் முகத்தில் போதிய அளவு பயங்கரத்தை அவர் ஏற்றியிருக்கிறார் என்றும் வாஷிங்டனே கடிதத்தில் கேலிசெய்தார். தலையை மட்டும் மாற்றும் வழக்கமும் இருந்தது. வான் டைக் தீட்டிய முதலாம் சார்லஸின் குதிரைமேல் உருவத்தைத் தழுவி பியர் லோம்பார் செதுக்கிய தகட்டில், ஒரு நிலையில் (தகட்டைத் திருத்தி அச்சிட்ட ஒரு கட்டத்தில்) கிராம்வெல்லின் தலையும் இன்னொரு நிலையில் சார்லஸின் தலையும் பொறிக்கப்பட்டன. தலையே இல்லாமல் அச்சான படிகளும் எஞ்சியுள்ளன. அரசரும் அவரைக் கொல்லச் செய்தவரும் ஒரே உடலைப் பகிர்ந்துகொண்ட படம் அது!

இடம்வலம் மாறிய படங்கள் வேறு வகை. ஓவியத்தை அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் அது கண்ணாடி பிம்பமாகத் திரும்பிவிடும். தேர்ந்த செதுக்குநர் இதை முன்னறிந்து தகட்டில் திருப்பிச் செதுக்குவார், அவசர நகலாளர் அப்படிச் செய்வதில்லை. விருதின் நட்சத்திரம் இடமார்பிலும் உடைவாள் இடது இடுப்பிலும் இருப்பதே முறை. 1797இல் டெனரீஃபில் கையிழந்த நெல்சனுக்கு வெற்றுச் சட்டைக்கை அவருடைய வலப்பக்கம், அதாவது பார்ப்பவரின் இடப்பக்கம், இருக்க வேண்டும். மாறியிருந்தால் உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம். வேறொரு அச்சைப் பார்த்து எடுத்த நகலாக இருக்குமோ என்று தேடிப் பார்க்க வேண்டும்.

வரலாற்று ஆர்வலர்கள் செய்யும் தவறு இதைவிட நுட்பமானது. போர்க்களக் காட்சி அச்சுகளை அவர்கள் நேரில் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். 1759இல் கியூபெக்கில் இறந்த வுல்ஃபை பெஞ்சமின் வெஸ்ட் தீட்டியது 1770இல். அதில் அவரைச் சூழ்ந்து நிற்கும் அதிகாரிகளில் பலர் அந்த இடத்தில் இருந்ததே இல்லை. 1776இல் வெளியான வுல்லெட்டின் செதுக்கு அச்சு எண்ணற்ற வீடுகளை எட்டியதால், அந்தக் கற்பனையே வரலாறு என்று பதிந்துவிட்டது. 1792இல் திப்புவின் இரு மகன்களை கார்ன்வாலிஸ் பிணையாகப் பெற்ற காட்சியை ராபர்ட் ஹோமும் தீட்டினார், மாதர் பிரவுனும் தீட்டினார். இருவர் படங்களும் அச்சாயின. ஹோம் அந்தப் படையெடுப்போடு பயணம் செய்தவர். பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திப்புவின் உடலை பிரிட்டிஷ் தளபதி பேர்ட் கண்டெடுப்பதாக டேவிட் வில்கி தீட்டிய புகழ்பெற்ற ஓவியமோ, 1799இல் நடந்ததை 1839இல் கற்பனை செய்தது. கலைப்பொருளாக இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சீருடைக்கும் கோட்டை மதிலுக்கும் இவற்றை ஆதாரமாகக் காட்டுமுன் ஓவியர் எங்கே இருந்தார் என்று கேட்டாக வேண்டும்.

விற்பனையாளர் சொற்களிலும் சில பொறிகள் உள்ளன. 'இந்தியா புரூஃப்' என்றால் இந்தியாவில் அச்சிட்டது என்று நம் ஊர் வாங்குநர்கள் மயங்குவதுண்டு; அது சீனாவிலிருந்து வந்த மெல்லிய தாளில் அச்சிட்டு, தடித்த தாளோடு ஒட்டிய முதற்படியைக் குறிக்கும் வழக்குச்சொல். 'அரிது' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் பொருளே இல்லை. எஃகுத் தகடு ஆயிரக்கணக்கான படிகளைத் தாங்கியது. விக்டோரியா காலப் புத்தகங்களிலிருந்து பிரித்தெடுத்த வெலிங்டன் படங்கள் இன்றும் மலிவு. மாறாக, யாரும் கேள்விப்படாத ஒரு கர்னலின் படம் உண்மையிலேயே அரிதாக இருக்கக்கூடும். பளபளக்கும் வண்ணமும் ஐயத்துக்குரியது: உருவப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு மையிலேயே வெளியாயின, சிவப்புக் கோட்டுக்கு இப்போது பூசிய நீர்வண்ணம் விற்பனைக்காகப் பூசியதே. சந்தேகம் இருந்தால் பிரிட்டிஷ் மியூசியம், லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் அதே தகட்டின் படியைத் தேடி, எழுத்தின் ஒவ்வொரு வரியையும் ஒப்பிடலாம்; செலவு எதுவும் இல்லை.

வாங்கிய பின் நேரும் சேதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாமினேஷன் செய்தால் படத்தை மீட்க வழியே இல்லை. செலோடேப்பின் பசை தாளுக்குள் ஊறி மஞ்சள் பட்டையாக நிலைத்துவிடும். சட்டம் போடும் கடைகளில் பின்னால் வைக்கும் பிளைவுட்டும் மலிவான அட்டையும் அமிலத்தைக் கசிந்து தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டை வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்க வேண்டும், கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடைவெளி விடச் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சையும், ஈரம் தேடி வரும் இராமபாணப் பூச்சியும் தாளுக்குப் பகை. வெளிச்சுவரில், குறிப்பாகக் குளியலறையை ஒட்டிய சுவரில், மாட்டவே கூடாது. கறையைப் போக்க பிளீச்சிங் கரைசலில் நனைப்பது, தாளின் வலுவைக் குலைத்துவிடும் என்பதால், பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் வேலை. நேர் வெயில் வேண்டாம். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே போதும் என்கின்றன.

இந்தியாவில் உள்ள பழைய படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுவோர், 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 100 ஆண்டுகள் கடந்த கலைப்படைப்புகள் அதன் வரையறைக்குள் வருகின்றன. பொட்டலம் கட்டும்முன் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வதே முறை. பழைய படச்சட்டத்தைக் கழற்ற நேர்ந்தால் பின்பலகையைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் படச்சட்டம் போட்டவரின் சீட்டு, ஏல எண், பென்சிலில் கிறுக்கிய பெயர் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, சீட்டையும் பத்திரமாக ஓர் உறையில் இட்டுப் படத்தோடு வைத்திருங்கள். படம் எந்தெந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதற்கு அந்தச் சீட்டு மட்டுமே எஞ்சிய தடயமாக இருக்கக்கூடும்.