விமானப்படை பைலட் வேலையும் குடும்பமும்: கணக்கு தப்பும் இடங்கள்

பிள்ளை விமானப்படை பைலட் ஆகப் போகிறது என்றதும் வீட்டில் எழுவது விபத்து பயம். நியாயம்தான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. வேலை எத்தனை வருடம், எந்த ஊர், துணையின் உத்தியோகம் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய சறுக்கல் வேலைக்காலத்தில். அஃப்கேட் (விமானப்படை அதிகாரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) வழியாகப் பறக்கும் பிரிவில் சேர்ந்தால் 14 வருடப் பணி. நீட்டிப்பும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. 23 வயதில் அதிகாரியானால் 37-ல் வெளியே. 28-ல் கல்யாணம் என்றால் மூத்த பிள்ளை அப்போது தொடக்கப்பள்ளியில் இருக்கும். 20 வருட வீட்டுக்கடன் பாதியில் நிற்கும். ஓய்வூதியம் வேண்டுமென்றால் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி), சிடிஎஸ் (பட்டதாரிகளுக்கான முப்படைத் தேர்வு) வழியாக நிரந்தரப் பணிக்கு முயல வேண்டும்.

“வெளியே வந்தால் ஏர்லைன் இருக்கிறதே” என்பார்கள். ஆனால் அதற்கு டிஜிசிஏ (சிவில் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பு) தேர்வுகள், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி எல்லாம் வேண்டும். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்குக் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். போக்குவரத்து விமானம் ஓட்டியவருக்கு மணிக்கணக்கு சுலபமாகச் சேரும். போர் விமானி ஒருமுறை பறந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஹெலிகாப்டரில் பறந்த மணிகளில் ஒரு பகுதிதான் விமான உரிமத்துக்குச் செல்லும். போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் மூன்றில் எது கிடைக்கும் என்பதோ பயிற்சியில் காட்டும் திறமையையும் படையின் தேவையையும் பொறுத்தது. எனவே உரிமத் தேர்வுகளைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

“சூலூர், தஞ்சாவூர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்” என்பது அடுத்த தப்புக்கணக்கு. ஓட்டும் விமானம் எங்கே நிற்கிறதோ அதுதான் ஊர். போர் விமானங்களில், தஞ்சாவூரில் சுகோய்-30, சூலூரில் தேஜஸ். ரஃபேல் என்றால் ஹரியானாவின் அம்பாலா அல்லது மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா. சி-17 போக்குவரத்து விமானம் என்றால் டெல்லி அருகே ஹிண்டன். ஊரிலேயே இருந்தாலும் ஹெலிகாப்டர், போக்குவரத்து விமானிகள் லடாக், வடகிழக்கு என்று வாரக்கணக்கில் தற்காலிகப் பணிக்குப் போவது வழக்கம்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல் என்றால் துணையின் வேலைதான் முதலில் அடிபடும். தமிழக அரசுப்பள்ளி ஆசிரியைக்கு ஜோத்பூருக்கு மாற்றல் கேட்க வழியில்லை. தேசிய வங்கி, கேந்திரிய வித்யாலயா, மத்திய அரசு வேலை என்றால் வாய்ப்பு உண்டு. பெண் பார்க்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும். பிள்ளைகளை முதலிலேயே கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்தால் அடுத்த ஊரிலும் அதே பாடத்திட்டம். வருட நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம்.

கல்யாணத் தேதியும் சிக்கல்தான். 25 வயதுக்குள் இருப்பவர் மணமாகாதவராக இருந்தால்தான் அஃப்கேட்டில் தகுதி. பயிற்சிக்காலத்தில் தாலி கட்டினால் வெளியேற்றிவிடுவார்கள், செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். பெண் விமானிகளுக்குக் கர்ப்பம் உறுதியானதும் பறப்பது நின்றுவிடும். 180 நாள் மகப்பேறு விடுப்புக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, பயிற்றுநரோடு மறுபயிற்சி முடித்துத்தான் தனியே பறக்க முடியும். பயிற்சியை முடித்து முழுத்தகுதி பெறும் முன் இந்த இடைவெளி வந்தால் இழப்பு அதிகம்.

லீவு காகிதத்தில் தாராளம்: ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 20 நாள். போர்ப்பயிற்சியோ எல்லைப் பதற்றமோ வந்தால் அனுமதித்த லீவும் ரத்தாகும். மச்சான் கல்யாணமே ஆனாலும், பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகப் போடுங்கள்.