நூலில் பின்னும் குட்டி குரோசான்

குழந்தைகளின் விளையாட்டுச் சமையலறைக்குக் குரோஷேவில் (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) பேஸ்ட்ரி பின்ன ஆசையா? பிறை வடிவ அடுக்கு ரொட்டியான குரோசானில் தொடங்குங்கள். உருண்டை பின்னத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு முக்கோணம் போதும்.

வெண்ணெய் நிற நூலில் 2 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, முதல் செயினில் ஒரு சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைத் தையல்). அப்புறம் திருப்பித் திருப்பிப் பின்னும்போது, ஒவ்வொரு வரிசையின் முதல் தையலிலும் இரண்டு தையல் போட்டு ஒன்று கூட்டுங்கள். 16 தையல் வந்ததும் நிறுத்துங்கள். தையலின் பின் இழையில் மட்டும் கொக்கியை விட்டுப் பின்னினால் வரிவரியாக மேடு எழும்பும். அடுக்கடுக்கான மாவு போலவே இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வரிகள்தான். இனி அகலப் பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்து, கூர்முனை வரை பாய் சுருட்டுவது போலச் சுருட்டித் தையுங்கள். இரு ஓரங்களையும் லேசாக உள்ளே வளைத்து ஒரு தையல் போட்டால் பிறை வடிவம் வந்துவிடும்.

அடுத்து டோனட்டும் பின்னுகிறீர்களா? அதன் மேல் ஐசிங் (சர்க்கரைப் பூச்சு) வழிவது போலக் காட்ட, பூச்சுத் துண்டின் ஓரத்தில் சிங்கிள், டபுள் (உயரமான தையல்), டபுள், சிங்கிள், ஸ்லிப் தையல் (மிகக் குட்டையானது) என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். அளவு கொஞ்சம் முன்பின் இருந்தால்தான் நிஜம் போல இருக்கும்.

நூல் உறையில் 4 மி.மீ. கொக்கி என்று போட்டிருந்தால் 3 மி.மீ. எடுங்கள், பஞ்சு வெளியே தெரியாது. மேலே தூவும் வண்ண மிட்டாய்க்கு மணி வேண்டாம், நூலிலேயே தைத்துவிடுங்கள். மணி என்றால் சின்னக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுவிடும்.