ஆள் வரும் முன்னே மெஷின் வந்தால்: சின்ன ஆஸ்பத்திரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்தில் இருபது முப்பது படுக்கை உள்ள சில ஆஸ்பத்திரிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன வருடம் ஓர் இடத்தில் புது அல்ட்ராசவுண்ட் மெஷின் வந்து இறங்கியது. மாவிலைத் தோரணம் கட்டி, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் மெஷின் மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. ஸ்கேன் டாக்டர் நாகர்கோவிலில் இருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறாராம். மெஷின் கடனுக்குக் கட்டும் தவணைக்கு அப்படியெல்லாம் கிழமை கிடையாது.

பார்க்க டாக்டர் இருக்கிறாரா என்று உறுதி செய்யாமல் மெஷினை வாங்குவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. சிடி ஸ்கேன் என்றால் படத்தை நெட்டில் அனுப்பி, சென்னையில் இருப்பவர் பார்த்து ரிப்போர்ட் தரலாம். அல்ட்ராசவுண்டில் அது நடக்காது. உடம்பில் வைத்து நகர்த்தும் புரோபைக் கையில் பிடிப்பவர்தான் பார்ப்பவர். அதோடு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி இடம், மெஷின், பார்க்கும் டாக்டர் எல்லாம் பதிவில் இருந்தாக வேண்டும். அவசரத்துக்கு வேறு யாரையாவது உட்கார வைக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத் தவணை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் பங்கு, கரண்ட், ஜெல், பேப்பர் எல்லாம் போக ஒரு ஸ்கேனுக்கு 400 ரூபாய் நிற்கிறது என்றால், 250 ஸ்கேன் பார்த்தால்தான் தவணைக்கே சரியாகும். வாரம் இரண்டு நாள் டாக்டர் என்றால், அவர் வரும் ஒவ்வொரு நாளும் முப்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஊரில் அத்தனை பேர் வருவதில்லை.

ஜிஎஸ்டியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வைத்தியச் சேவைக்கு வரி விலக்கு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாம் வரி வசூலிக்காததால், மெஷினுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கடைக்கார அண்ணாச்சி தான் வசூலித்த வரியில் கழித்துக்கொள்வது போலக் கழிக்க வழியில்லை. முழுக்க நம் செலவு. அப்புறம் பராமரிப்பு ஒப்பந்தம். ஏஎம்சி என்றால் பொதுவாக ஆள் வந்து பார்ப்பதற்கு மட்டும்; உதிரிபாகமும் சேர வேண்டும் என்றால் சிஎம்சி. அதிலும் எந்தப் பாகமெல்லாம் சேராது என்று வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். புரோப் கீழே விழுந்து உடைந்தால் யார் செலவு என்று கேளுங்கள். விற்க வந்தவர் முகம் மாறும், பரவாயில்லை.

செலவைக் குறைக்க எல்லாரும் அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான் சொல்வார்கள். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது. நெல்லைக்கு வந்தது 1988இல். பார்த்துவிட்டு வருகிறவர்கள் ‘கூட்டம் வந்தால் செலவு குறையும்’ என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்குவது யார் என்று கவனிப்பதில்லை. கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, டாக்டரே செய்தாக வேண்டும் என்றில்லாத வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். நம்மால் லென்ஸ் கம்பெனி வைக்க முடியாது. சர்ஜன் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிப்பதை நிறுத்த முடியும்.

நர்ஸ்கள் நிற்பதில்லை என்ற புலம்பல் எங்கேயும் உண்டு. வளைகுடாவுக்குப் போகிறவர்களை நிறுத்த நம்மால் ஆகாது. பக்கத்தில் இருக்கும் மானூருக்கும் முக்கூடலுக்கும் தினமும் வீடு திரும்புகிறவர்களை நாமேதான் விரட்டுகிறோம். ஒரு சிஸ்டர் வேலையை விடப் போவதாகச் சொன்னார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டேன். “அதில்ல சார். எட்டு மணிக்கு டூட்டி முடிஞ்சு, நைட் சிஸ்டர்ட்ட ஒப்படைச்சிட்டு வெளிய வந்தா எட்டரை. எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டு பத்துக்கே போயிருது. தினமும் எங்கப்பா பைக்க எடுத்துட்டு வந்து வாசல்ல நிக்காவ.” 2021இல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸே இல்லாதபோது கட்டணம் இல்லாமல் என்ன பயன்? டூட்டி மாறும் நேரத்தை ஏழு மணியாக்கினார்கள். அதற்கு ஆன செலவு, நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஒரு தாள்.

வேலையை விட்டுப் போகாமல் இருக்க நர்ஸ்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். இருப்பவர் மனசு விட்டு வேலை பார்க்க மாட்டார். புதிதாக வருகிறவர் வாசலோடு திரும்புவார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதே மாதிரி, பங்குனி உத்திரத்துக்கு நம் பக்கத்தில் பாதிப் பேர் சாஸ்தா கோயிலில்தான் இருப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் போன் போட்டு ‘லீவு கிடையாது’ என்றால் சண்டைதான் வரும். ஒரு மாதம் முன்பே டூட்டிப் பட்டியலை வைத்தால், கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் பதிலாக அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

சாஃப்ட்வேர் பற்றிச் சுருக்கமாக. வாங்கிய பிறகும் பழைய நோட்டை நிறுத்தாவிட்டால், ஒரே பிபியைச் சிஸ்டர் இரண்டு தரம் எழுதுகிறார், அவ்வளவுதான். பேக்கப் கட்டாயம். 2022 நவம்பரில் ஹேக்கர்கள் டெல்லி எய்ம்ஸ் சர்வரையே முடக்கி, நாள்கணக்கில் கையால் எழுத வைத்தார்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் பேக்கப் டிஸ்க் சர்வர் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டும் தரைத்தளத்தில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் சர்வரையும் ஜெனரேட்டரையும் இன்னும் கீழே வைத்திருப்பது எப்படி என்று தெரியவில்லை.

கடைசியாகக் காப்பீடு. முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பணம் வரத் தாமதமானால் உடனே அரசைத் திட்டுகிறோம். முன் அனுமதி கேட்டோமா, ஆபரேஷன் நோட்ஸும் ரிப்போர்ட்டும் ஒழுங்காக ஏற்றினோமா என்று முதலில் நம் மேஜையைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்காவது அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். தனித்தனி லாகினும் வேண்டும். போன வாரம் ஓர் இடத்தில் காப்பீடு பார்ப்பவர் எங்கே என்று கேட்டேன்.

“தம்பி கோயில் கொடைக்குப் போயிருக்கான் சார். திங்கக்கெழம வந்திருவான்.”

அவன் மேஜையில் பதினொரு ஃபைல் இருந்தது.