கூலி சனிக்கிழமை, பிள்ளைக்குப் பசி புதன்கிழமை

மதுரை செல்லூரில் 26 ஆண்டுகள் பால்வாடி டீச்சராக இருந்தேன். "கொழுகொழுவென்று இருக்கிறான் டீச்சர், கண் பட்டுவிடும்" என்று சொல்லி இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கிவிடுவார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். எடை கூடுதல், ரத்தம் குறைவு.

தறி வீடுகளில் சனிக்கிழமை கூலி. ஞாயிறு கறியும் புரோட்டாவும். புதன் வந்தால் கையில் காசிருக்காது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. மூத்தது பள்ளியில் உப்புமா சாப்பிடும். வீட்டிலிருக்கும் மூன்று வயதுக்கு வரக்காப்பியும் வர்க்கியும். மதியம் ரசஞ்சோறு. அழுதால் ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம். மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் மலிவாக வயிற்றை அடைக்கும். பிள்ளை ஊதுவது அதனால்தான். தாயின் செல்லத்தின் மேல் பழி போடுகிறவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஆகவே, வாரச் செலவைப் புதன்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கூலி வந்ததும், கறிக்கடைக்குப் போகும் முன், நான்கு முட்டை, கால் கிலோ நிலக்கடலை, அரைக் கிலோ கேழ்வரகு மாவு வாங்கித் தனியே வையுங்கள். கடலையை வறுத்து இடித்தே கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பால்வாடியில் எந்தெந்த நாள் முட்டை என்று கேட்டு, மற்ற நாட்களில் வீட்டு முட்டையை அவித்துக் கொடுங்கள்.

ரேஷன் துவரம்பருப்பு ஒரு கிலோ முதல் வாரமே சாம்பாரில் தீர்ந்துவிடும். வாங்கிய அன்றே 50 கிராம் வீதம் 20 பொட்டலமாகக் கட்டிவிடுங்கள்: வாரத்துக்கு ஐந்து. நான் கட்டியபோது என் மாமியார், "மளிகைக் கடை வைத்திருக்கிறாயா?" என்று சிரித்தார். மாதக் கடைசியில் பருப்பு இருந்தது. அதற்குப் பிறகு அவரே கட்டினார்.

பால்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே சர்க்கரை வேண்டாம். அதைப் பெரியவர்களும் கரைத்துக் குடிக்கிற வீடுகள் உண்டு. நான் திட்டியதில்லை, அந்த வீட்டுப் பானையையும் பார்த்திருக்கிறேன்.

மாதந்தோறும் எடை பார்க்கும்போது உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்: இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து, பிறகு நிற்க வைத்து. உயரத்துக்கு எடை மிஞ்சியிருந்தால் உடனே பட்டினி போட்டுவிடாதீர்கள். வளர்கிற பிள்ளை, நொறுக்குத்தீனிப் பொட்டலத்தையும் சர்க்கரையையும் நிறுத்தினால் பெரும்பாலும் எடை அங்கேயே நிற்க, உயரம் ஏறி வரும். அப்படியும் எடை ஏறிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதன் காலை கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி ஒரு கிண்ணம். மதியம் முருங்கைக்கீரை போட்ட பருப்பு. மரம் யார் வீட்டில் நிற்கிறது என்று சந்துக்கே தெரியும். ஒரு கொத்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். அந்தச் சோற்றோடு டீ மட்டும் வேண்டாம், கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்ட விடாது. எலுமிச்சை இருந்தால் நான்கு சொட்டுப் பிழியுங்கள்.