எம்ஜிபி காருக்குள் ஃபோர்டு கியர்பாக்ஸ்

என் 1965 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு வேக கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் மாறும்போது சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது என்பதால், ஃபோர்டு சியரா காரில் வந்த டைப் 9 ஐந்து வேக கியர்பாக்ஸை, நேர்பற்கள் கொண்ட பந்தயப் பல்சக்கரங்களுடன் பொருத்தினேன். டைப் 9-இன் வழக்கமான பற்சக்கரங்கள் பந்தயத்துக்கு ஒத்துவராது; முதல் கியரின் விகிதம் 3.65, இரண்டாவதன் விகிதம் 1.97 என்பதால், நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் மாற்றினால் எஞ்சின் ஏறத்தாழ 3,240-க்கு விழுந்துவிடும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் (மணி வடிவ உறை), 23 ஸ்ப்ளைன் (உள்வரிப் பற்கள்) கொண்ட கிளட்ச் தட்டு, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும், நீளம் குறைத்த ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஆகியவை சிக்கலின்றி அமைந்தன. ஆனால் கிளட்சை முழுவதும் மிதித்தாலும் முதல் கியர் கறகறவென்றுதான் விழுந்தது.

கியர்பாக்ஸை இறக்கி, எஞ்சினின் ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி, அதன் முனை பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொட்டபடி இருக்க, எஞ்சினின் கிராங்க் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றியபோது முள் கணிசமாக ஆடியது. அந்த மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான மைய விலகல். பெல் ஹவுசிங்கை எஞ்சினில் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் ஊசிகளுக்குப் பதிலாக, விலகலை ஈடுசெய்ய மையம் விலக்கிச் செய்த டவல் ஊசிகளைப் போட்டு, ஆட்டத்தை 0.005 அங்குலத்துக்குள் கொண்டுவந்ததும் கியர் தடையின்றி விழுந்தது.

நேர்பற்களின் ஊளைச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பழுதன்று, அவற்றின் இயல்பு. வேகமானிக்கான கேபிளை மட்டும் இன்னும் மாற்ற வேண்டியுள்ளது.