தமிழ்ப்பள்ளியில் இரண்டு பாத்தி: விடுமுறையிலும் காயாமல் இருக்க

சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை), பள்ளிக்குள்ளே சிமெண்டுத் தரை, கார் நிறுத்தும் இடம், பெரிய கால்வாய். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா (பழைய பேர் பத்தாங் பெர்சுந்தை) மாதிரியான தோட்டத்துப் பட்டணங்களில் இப்படிப்பட்ட தமிழ்ப்பள்ளிகளைப் பார்க்கலாம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த பாட்டி வீட்டுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் போட்டவர். பேரப்பிள்ளை தாமானில் (புதிய குடியிருப்புப் பகுதியில்) வளர்கிறது. வெண்டைச்செடி எப்படிப் பூக்கும் என்று அதற்குத் தெரியாது. அந்தப் பிள்ளை மண்ணைத் தொட்டுப் படிக்க இரண்டு பாத்தி போதும். முதல் வருடமே பத்துப் பாத்தி வெட்டினால் மூன்றாம் மாதம் லாலான் புல்தான் மிஞ்சும்.

மண்வெட்டிக்கு முன் பள்ளி நாட்காட்டியை எடுங்கள். பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் சாவது விடுமுறையில். கங்கோங் கீரையை விதைத்த 25 முதல் 30 நாளில் அறுக்கலாம், தண்டுக்கீரையும் அப்படியே. வெண்டை, பயற்றங்காய் முதல் காய்க்கு 45 முதல் 50 நாள் ஆகும். கத்தரி நாற்று நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் காக்க வைக்கும். விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து வாரம்தான் மிச்சம் என்றால் கீரை மட்டும் போடுங்கள்.

இடம்: குறைந்தது ஆறு மணி நேர வெயில், 15 மீட்டருக்குள் தண்ணீர்க் குழாய், வகுப்பறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். கட்டடத்துக்குப் பின்னால் ஒதுக்கிய பாத்தியை யாரும் நினைப்பதில்லை.

புதிய பள்ளித் திடல்களில் பெரும்பாலும் மேட்டை வெட்டிக் கொட்டிய அடிமண்தான் இருக்கும். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் நின்றால் நேரே நிலத்தில் நடாதீர்கள், வேர் அழுகிவிடும். தரைக்கு மேல் பாத்தி கட்டுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகளே செய்யலாம். ஓர் அறிவியல் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

பாத்தியின் உள்ளளவு 90 செ.மீ. அகலம், 3 மீட்டர் நீளம். ஏழு வயதுப் பிள்ளையின் கை 45 செ.மீ. தான் எட்டும். அகலம் கூடினால் பாத்திக்குள் ஏறி மிதித்து மண்ணை இறுக்கிவிடுவார்கள். 39 செ.மீ. நீளச் சிமெண்டுக் கல்லாக இருந்தால் ஒரு வரிசைக்கு 22 கல் வேண்டும். ஓட்டைக் கல் என்றால் ஓட்டையை மண்ணால் அடைத்துவிடுங்கள்; மழை நீர் தேங்கினால் கொசு முட்டையிடும். பழைய ரயில் கட்டை வேண்டாம், அதில் ஊறிய எண்ணெய் மண்ணில் இறங்கும். அடித்தரையை 15 செ.மீ. கிளறிவிட்டு, மேலே பத்துத் தள்ளுவண்டி கலவை: மேல்மண் ஐந்து, மக்கிய எரு மூன்று, மணல் இரண்டு. முதல் மாதத்தில் அது அமுங்கும், கொஞ்சம் மேடாகவே விடுங்கள்.

நம் மண்ணில் புளிப்பு அதிகம். ஒரு பாத்திக்கு அரை கிலோ டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறி இரண்டு வாரம் விடுங்கள். கோழி எருவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். மக்காத கோழி எரு வேரைக் கருக்கும், ஈயும் மொய்க்கும்.

மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கு இங்கே பஞ்சமில்லை. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டதே இந்தப் பக்கம், 1917ல், தென்னமரம் தோட்டத்தில்தான். ஆலையிலிருந்து எண்ணெய் எடுத்த வெற்றுக் குலை கிடைத்தால் பிய்த்து ஐந்து செ.மீ. கனத்துக்கு மேலே பரப்புங்கள். மண்ணுக்குள் பச்சையாகக் கலந்தால் அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். குவித்தும் வைக்காதீர்கள்: அழுகும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பாம்பும் அடையும்.

பாடத்துக்குக் காலை முதல் இரண்டு பாடவேளையை, அதாவது 60 நிமிடத்தை, வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. 25 பிள்ளைகளையும் ஒரே பாத்தியைச் சுற்றி நிறுத்தினால் ஐந்து பேர் வேலை செய்வார்கள், இருபது பேர் தள்ளிக்கொள்வார்கள். ஐவர் ஐவராகப் பிரியுங்கள்: விதைப்பு, அளவெடுப்பு, பூச்சி பார்ப்பது, எருக்குழி, தண்ணீர். ஆசிரியரோடு பெற்றோர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். செய்யவேண்டியதை வகுப்பறையிலேயே சொல்லிவிடுங்கள். வெளியே வந்த பிறகு யார் காதிலும் ஏறாது.

கங்கோங் விதையை ஓர் இரவு ஊறவைத்து, 15 செ.மீ. இடைவெளி வரிசையில், ஐந்து செ.மீ.க்கு ஒன்றாக, விரலின் முதல் கணு ஆழத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு வாளியைக் கையில் கொடுத்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போகும். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் சூடான ஆணியால் ஆசிரியர் எட்டு ஓட்டை போட்டுத் தரட்டும். கவிழ்த்து அமுக்கினால் தூறல் மாதிரி விழும், பிள்ளையின் கைக்கும் அடங்கும்.

செடியின் உயரத்தை மண்ணிலிருந்து அளக்கவிடாதீர்கள். மழையில் மண் அமுங்கும், செடியடியில் மண் அணைத்தால் ஏறும். போன வாரம் 14 செ.மீ. இருந்த பயற்றங்கொடி இந்த வாரம் 13 என்று வந்தால் பிள்ளை தன் கணக்குதான் தப்பு என்று அழித்து எழுதும். முளைத்த அன்றே பக்கத்தில் ஐஸ்கிரீம் குச்சியை ஆழமாகக் குத்தி ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்து அளக்கட்டும்.

டெங்கி விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஒரு வாரம், பத்து நாள் போதும்; கொசு பெருக இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு நுண்வலை, வாரம் ஒருநாள் சோதனை. பயற்றங்கொடிக்கு ஊன்றும் மூங்கிலின் மேல்முனையைப் பலர் கவனிப்பதில்லை. கணுவை ஒட்டி வெட்டுங்கள், இல்லையென்றால் மணலால் நிரப்புங்கள்.

பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது. மூளைக் காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கலாம். இடுக்கியால் எடுங்கள், பாடம் முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். எலி நடமாடும் ஈர மண்ணில் செருப்பு போதாது, பூட்ஸ் வேண்டும்.

இலை திடீரென்று முறுக்கிக்கொண்டால் பூச்சியைத் தேடுமுன் வேலிக்கு வெளியே பாருங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. புல் வெட்டும் குத்தகைக்காரரிடம் பாத்தியைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள் மருந்து அடிக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

ஒரு வார விடுமுறைக்கு நன்றாக நீர் பாய்ச்சி மூடாக்கு போட்டால் வளர்ந்த செடி தாங்கும். ஆண்டிறுதிக்கு அது போதாது. கடைசி வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் அறுத்து, பாத்தி முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கொடி நடுங்கள், புல்லை அமுக்கிவிடும். முருங்கை, கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப்புல்) மூன்றும் வேலியோரம் தாமே பார்த்துக்கொள்ளும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் மூன்று குடும்பத்துக்கு முறை போட்டு, பெயர்ப் பட்டியலை ஜாகாவிடம் (காவலாளியிடம்) கொடுங்கள். பட்டியல் இல்லாமல் வந்தவர் கேட்டோடு திரும்பிப் போவார். குழாய்ப் பிடியைக் கழற்றி அலுவலகத்தில் பூட்டி வைக்கும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு; அதையும் ஜாகா அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.